இடது கெண்டைக்கால்

உக்காருங்க தம்பி, இப்படி ஓரமா உக்காருங்க. கொழந்தையத் தூக்கீட்டு எத்தனை நேரம் நிப்பீங்க? புதன்கிழமைன்னா கூட்டம் இப்படித்தானுங்க இருக்கும், கட்டு மாத்தற நாளு. உங்க டோக்கன் எத்தனை? முப்பத்தி நாலுங்களா? இப்பத்தான் பதினெட்டு உள்ள போயிருக்குது. ஆகுமுங்க நேரம்.

எத்தனையாவது கட்டு இது? மூணாவதா. ரெண்டு காலுமா? அட சாமி. தூங்கறான் பாருங்க. தொடை வரைக்கும் மாவுக்கட்டைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் இதுக தூங்குதுகளோ. நமக்கு ஒரு விரல்ல கட்டுப் போட்டாலே தூக்கம் வர்றதில்லை. அம்மா எங்கீங்க? டீ குடிக்கப் போயிருக்குதா? குடிக்கட்டும், குடிக்கட்டும். பால் குடுக்கற புள்ளை.

எனக்குமுங்க. எம்பட பொண்ணுக்கு. பேரு கனிஷ்கா. பதினாலு வயசாச்சு, ஒம்போதாவது படிக்கறா. இடது கால் மட்டும். இப்ப உள்ளதான் இருக்கறா, வருசத்துக்கொருக்கா காட்டோணுமே, அதுக்கு. அவங்கம்மா கூடப் போயிருக்கறா. நானும் எந்திரிச்சேன். ‘அம்மா வந்தாப் போதுமுங்கப்பா, நீங்க உக்காருங்க’ன்னுட்டா. செரின்னு உக்காந்துட்டேன்.

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனுக்குப் பாதம் திரும்பீரும். அதுல சந்தேகமே வேண்டாம், இங்க அருமையாப் பாக்கறாங்க. ஆனா கெண்டைக்கால் வராது. பாதம் வந்துரும், கெண்டைச் சதை வராது. அதை உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எங்கிட்டயும் சொல்லலை. சொன்னாங்கன்னு எம்பட வீட்டுக்காரி சொல்றா. மொத நாளே டாக்டர் சொன்னாராம், நான்தான் காதுல வாங்கலையாம். இருக்கலாம். மொத நாளு யாருக்கு என்னங்க காதுல விழுந்துது?

நான் டெய்லருங்க. கவுந்தப்பாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை. இருபத்தியாறு வருசமா ஒரே மெசின், ஒரே கடை. ஒரு ஆளு ரோட்டைத் தாண்டி கடைக்கு வர்றதுக்குள்ள இடுப்பு எத்தனை, தொடை எத்தனை, எந்தத் தோள் எறக்கம்னு நான் கண்ணுலயே எடுத்துருவேன். அதுதான் எனக்கு வெனையாப் போச்சு. வேற ஒருத்தன்னா பாதம் நேராயிருச்சுன்னு கும்பிட்டுட்டுப் போயிருப்பான். எனக்கு அளவு கண்ணுல படுது, என்ன பண்றது?

கனிஷ்கா பொறந்தப்ப நர்சம்மா துணியை விலக்கிக் காட்டுனாங்க. இடது பாதம் உள்ள மடிஞ்சு, உள்ளங்கால் மேல பாத்துக்கிட்டு இருந்துது. பரிமளா, அதான் என் வீட்டுக்காரி, அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. வந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் அவளைத்தான் கேட்டாங்க. கெரகணத்தன்னைக்கு வெளிய வந்தயா, என்ன சாப்பிட்ட, எங்க போன. நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை. நான் எப்பவுமே சண்டை சச்சரவுக்குப் போறவன் இல்லைங்க.

ஒம்போதாம் நாளு இங்க கூட்டியாந்தோம். வாரம் ஒரு கட்டு. அஞ்சு கட்டுல பாதம் திரும்பிருச்சு. அப்பறம் குதிகால் நரம்புல சின்னதா ஒரு கீறு, மறுபடி மூணு வாரம் கட்டு. அதைக் கழட்டுனப்ப பாருங்க தம்பி, பாதம் அப்படியே நம்ம பாதமாட்டம் இருந்துது. பரிமளா அந்தப் பாதத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் கெண்டைக்காலைப் பாத்தேன். வலது கால்ல மடிப்பு மடிப்பா சதை இருக்குது, கைக்கொழந்தைகளுக்கு இருக்குமே அப்படி. இடதுல ஒரு மடிப்பு இல்லை.

‘சார், கட்டை இறுக்கிப் போட்டுட்டீங்க, சதை சூம்பிப் போச்சு’ன்னேன்.

அதே டாக்டர்தானுங்க, இப்ப உள்ள இருக்கறவரு. கோவப்பட மாட்டாரு. ஃபைலை எடுத்து என் முன்னால வெச்சாரு. ‘இங்க பாருங்க, மொதல் கட்டு போடறதுக்கு முன்னால நாங்க எடுத்த அளவு. வலது கெண்டைக்கால் பத்தே முக்கால் சென்டிமீட்டர். இடது பத்து. ஒம்போது நாள் கொழந்தை. அப்பவே கம்மி. கட்டுல கொஞ்சம் இளைக்கும், அது திரும்ப வந்துரும். இது அது இல்லை. வயித்துக்குள்ள இருக்கறப்பவே அந்தச் சதை சின்னதாத்தான் வளர்ந்திருக்குது. அதுல நாரும் கொழுப்பும் கூட, சதை கம்மி. எண்ணெய் போட்டாலும் வராது, ஆபரேசன் பண்ணுனாலும் வராது. வளர வளர வித்தியாசம் இன்னுங் கொஞ்சம் எச்சாக் கண்ணுக்குத் தெரியும். ஆனா அந்தச் சதை அது வேலையைச் செய்யும். நடப்பா, ஓடுவா’ன்னாரு.

நான் அந்த அளவைப் பாத்தேன். பத்தே முக்கால், பத்து. எழுதித்தான் இருந்துது. ஆனா தம்பி, கைகாலை ஆட்டிக்கிட்டு இருக்கற ஒம்போது நாள் கொழந்தைக்கு எந்த நர்சு சரியா டேப்பு புடிச்சிருக்கும்? கொஞ்சம் மேல புடிச்சா ஒரு அளவு, கீழ புடிச்சா ஒரு அளவு. எனக்குத் தெரியாதா? நான் பேசாம வந்துட்டேன். மனசுல மட்டும், கட்டுதான் தின்னுருச்சுன்னே இருந்துது. இன்னைக்கும் அப்படித்தான் இருக்குது.

இல்லை, நீங்க பயப்படாதீங்க. கட்டைப் போடுங்க. நான் என் மனசுல இருந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான்.

கட்டு முடிஞ்சதும் உங்களுக்கும் அந்தக் கம்பி ஷூ குடுப்பாங்க. ரெண்டு ஷூ, நடுவுல ஒரு கம்பி. மொத மூணு மாசம் குளிக்கற நேரம் போக எப்பவும் போட்டிருக்கோணும். அப்பறம் தூங்கறப்ப மட்டும், நாலு வயசு, அஞ்சு வயசு வரைக்கும். அதுதானுங்க கஷ்டம். கட்டுகூடப் பரவாயில்லை, டாக்டர் போட்டது, நம்ம கைல இல்லை. ஷூ நம்ம கைல இருக்குது.

பரிமளா அப்ப ஸ்பின்னிங் மில்லுல இருந்தா. நல்ல வேலைக்காரி. கெட்டிக்காரி. லைன்ல முப்பது பொண்ணுகளுக்கு மேஸ்திரியாப் போடறதா இருந்தாங்க. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. ராத்திரி ஷிப்டு வாரத்துல, கெளம்பறதுக்கு முன்னால கொழந்தைக்குச் சோறு ஊட்டி, தூங்க வெச்சு, ஷூவை மாட்டி, மூணு வாரையும் இழுத்துப் பாத்து, ‘பாத்துக்கங்க’ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் மில் வண்டி ஏறுவா. அவளுக்கு ரெண்டு வேலை. வீடு, மில்லு. ஷூவை முழுசாக் கவனிக்க முடியலை. அதுல தப்பு சொல்ல முடியாது.

மூணரை வயசுல பாதம் மறுபடி உள்ள திரும்ப ஆரம்பிச்சிருச்சு. நடக்கறப்ப வெளிப்பக்கம் ஊனி நடந்தா. செருப்பு ஒரு ஓரமாத் தேய்ஞ்சுது. நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன், செருப்பைப் பாத்து. இங்க கூட்டியாந்தோம்.

டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘ஷூ போடறீங்களா?’ன்னாரு.

‘தினமும் போடறோமுங்க சார்’னா பரிமளா.

‘போட்டிருந்தா இப்படி ஆகறது அபூர்வமுங்கம்மா. உண்மையைச் சொல்லுங்க. அழுதுன்னு கழட்டி விட்டீங்களா?’

‘இல்லைங்க சார். நானே என் கையால மாட்டறேனுங்க.’

‘அப்ப உங்களுக்கு மாட்டத் தெரியலை. குதிகால் கீழ எறங்கியிருக்காது. லூசா மாட்டியிருக்கீங்க. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தோம்? நாம கஷ்டப்பட்டுத் திருப்புன பாதமுங்கம்மா இது.’

அவ என்னைப் பாத்தா. ஏதாச்சும் சொல்லுவேன்னு நினைச்சாளோ என்னமோ. நான் வாயே தொறக்கலைங்க. அவளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை. வேற ஆம்பளைன்னா டாக்டர் முன்னாலயே பொண்டாட்டியைப் பேசியிருப்பான். நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

மறுபடி கட்டு. அப்பறம் ஒரு ஆபரேசன், பாதத்துல இருக்கற ஒரு நரம்பை இடம் மாத்தி வெக்கறாங்க, அதுக்கு ஆறு வாரம் கட்டு. பரிமளா மில்லுல சொல்லிட்டு நின்னுட்டா. நான் நிக்கச் சொல்லலைங்க. அவளா நின்னா. ‘எனக்கு மாட்டக்கூடத் தெரியலை, நான் எதுக்கு முப்பது பேரை மேய்க்கோணும்?’னா. புது ஷூ குடுத்தாங்க. அதை எடுத்து வெச்சுக்கிட்டு ஒரு பொம்மைக்கு மாட்டி மாட்டிப் பாப்பா. வாரை இழுப்பா, கழட்டுவா, மறுபடி மாட்டுவா. நான் கடையிலிருந்து சோத்துக்கு வர்றப்பெல்லாம் பாக்கறது அதுதான். ‘விடு பரிமளா, நடந்தது நடந்து போச்சு’ன்னு நான்தான் ஆறுதல் சொல்லுவேன்.

அந்த ரெண்டாவது கட்டைக் கழட்டுனப்ப கெண்டைக்கால் இன்னுங் கொஞ்சம் சூம்பியிருந்துது. அன்னைக்கே முடிவு பண்ணுனேன், பாதத்தை டாக்டர் பாக்கட்டும், சதையை நான் பாத்துக்கறேன்னு.

பாத்தேனுங்க. ஒரு நாளு விடலை. காத்தால எந்திரிச்சதும் நல்லெண்ணெய் காய்ச்சி, கீழிருந்து மேல தேய்ச்சு விடுவேன். தெனம் ஒரு முட்டை. அஞ்சு வயசுக்கு மேல மாடிப்படி. மொதப் படியில முன்பாதத்தை மட்டும் வெச்சு, குதிகாலைத் தூக்கித் தூக்கி எறக்கோணும். அம்பது. வலது கால்ல டக்டக்குன்னு செய்வா. இடதுல ஒத்தக்கால்ல நின்னா குதிகால் எழவே எழாது. நடுங்கும். ‘இன்னொருக்கா சாமி, இன்னும் ஒரே ஒருக்கா’ம்பேன். அழுவாமச் செய்வா. ஒரு வார்த்தை அதட்டுனது கிடையாது நான். மாசம் பொறந்தா மொத ஞாயித்துக்கெழமை அளவு எடுப்பேன். ஏழு வயசுல வலது ஒம்போதரை இஞ்சு, இடது எட்டே முக்கால். பத்து வயசுல வலது பத்தே முக்கால், இடது ஒம்போதரை. ரெண்டு காலும் வளருது. ஆனா ஒண்ணு ஒண்ணைப் புடிக்க மாட்டேங்குது. டேப்பை எடுத்தாலே அவ சட்டுன்னு சுவத்தோரமாப் போயி நின்னுக்குவா, நான் சொல்லாமயே. அத்தனை ஒத்துழைப்பு.

பாதமும் ஒரு சைஸ் சின்னதுங்க. ஷூ வாங்குனா ரெண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொண்ணுல ஒண்ணு எடுத்துக்கோணும். உங்களுக்கு ரெண்டு காலுங்கறதால அந்தத் தொந்தரவு இல்லை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அது ஒரு விதத்துல நல்லதுதான்.

முழிச்சுக்கிட்டானா? தட்டிக் குடுங்க, மறுபடி தூங்கிருவான். கட்டோட கனம் இருக்குது பாருங்க, அதுல ஒரு பக்கமா சாய்வான். இப்படிக் கையைக் கீழ குடுங்க. ஆங், அப்படித்தான்.

ரெண்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ஆண்டு விழா. ஆட்டத்துல இருந்தா. முழங்கால் வரைக்கும் பாவாடை. மேடைக்குக் கீழ உக்காந்திருந்த எனக்கு ஆட்டமே தெரியலைங்க. இருவது கால் இருக்குது, அதுல ஒரே ஒரு கால் தெரியுது. பின்னாடி ரெண்டு பொம்பளைங்க ஏதோ பேசிச் சிரிச்சாங்க. அதைத்தான் பேசறாங்கன்னு எனக்குத் தோணுச்சு. இல்லாமயும் இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாவாடையை எடுத்துக் கடைத் தோரணத்துக்குத் துண்டு துண்டா வெட்டீட்டேன்.

அதுக்கப்பறம் அவளுக்குப் பேண்டுதான். யூனிபார்மும் சுடிதார்தான், நல்லதாப் போச்சு. இடது காலுக்கு மட்டும் உள்ள ஒரு லைனிங் குடுத்து, லைனிங்குக்கும் துணிக்கும் நடுவுல மெல்லிசா ஸ்பாஞ்சு வெச்சுத் தெப்பேன். கெண்டைக்கால் வளைவுக்குத் தகுந்த மாதிரி வெட்டி, ஓரத்தைச் சரிச்சு, வெளிய தையல் தெரியாம. எம்பட தொழில்ல அதுக்கு மேல ஒரு வேலை நான் செஞ்சதில்லைங்க. மாப்பிள்ளைக் கோட்டு தெச்சிருக்கேன், கலெக்டர் ஆபீஸ் ஆளுகளுக்குத் தெச்சிருக்கேன். இது வேற. போட்டுக்கிட்டு அவ நடந்தா ரெண்டு காலும் ஒண்ணு. பாக்கறவங்களுக்குத் தெரியாது. எனக்கே சில நாள் மறந்துரும்.

அவ கேட்டா ஒருக்கா, சின்னப்ப. ‘இந்தக் காலுக்கு மட்டும் ஏங்கப்பா மெத்தை?’ன்னு. ‘அது அப்படித்தான் கண்ணு, அந்தக் காலுக்கு எதமா இருக்கட்டும்’னேன்.

ஏழாவது முழுப் பரீட்சை முடிஞ்சு லீவு. சோத்துக்கு வீட்டுக்குப் போயிட்டுக் கடைக்கு வர்றேன், இவ என் மெசின்ல உக்காந்திருக்கறா. அவளோட பேண்டு ஆறும் மேசை மேல கெடக்குது. பிளேடை வெச்சு ஒவ்வொண்ணாத் தையலைப் பிரிச்சு ஸ்பாஞ்சை எடுத்திருக்கறா. ஆறு துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கறா.

‘என்ன கண்ணு பண்ற?’ன்னேன்.

‘வேர்க்குதுங்கப்பா’ன்னா.

அவ்வளவுதான். காலைத் தூக்கிக் காட்டுனா. கெண்டைக்கால் பூரா வேர்க்குரு. சித்தரை மாசம். எத்தனை வருசமா இருக்குதோ தெரியலை, அவங்கம்மா பவுடர் போட்டு விட்டுக்கிட்டு இருந்திருக்கறா, எங்கிட்டச் சொல்லலை. ‘வேற மெல்லிசு ஸ்பாஞ்சு இருக்குது, அதை வெச்சுத் தரட்டுமா?’ன்னேன். பிரிச்ச தையலை அவளே மெசின்ல போட்டு ஓட்டிக்கிட்டா. கோணல் மாணலாத்தான் வந்துது. நான் சரி பண்ணித் தர்றேன்னேன். ‘இருக்கட்டுமுங்கப்பா’ன்னுட்டா. டெய்லர் பொண்ணு கோணத் தையல் போட்ட பேண்டுல ஸ்கூலுக்குப் போறா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?

பாருங்க, இத்தனையும் பொறுத்துக்கிட்டேன். போன வருசம் ஜூன் மாசம் நடந்துதுதான் பொறுக்க முடியலை.

இங்க வருசா வருசம் ஒரு கூட்டம் போடறாங்க. கால் சரியான கொழந்தைகளையும் கூப்பிடுவாங்க, உங்களாட்டம் புதுசா வந்தவங்களையும் கூப்பிடுவாங்க. பெரிசான புள்ளைக நடந்து காட்டுனா புதுசா வந்தவங்களுக்கு தைரியம் வருமில்ல, அதுக்கு. டாக்டரே போன் பண்ணி கனிஷ்காவைப் பேசச் சொன்னாரு. நான் வேண்டாம்னேன். அவ வர்றேன்னுட்டா.

அன்னைக்கு முழங்கால் வரைக்கும் பாவாடை போட்டுக்கிட்டு வந்தா. நான் தெச்சதில்லை. அவளும் அவங்கம்மாவும் ஈரோட்டுல ரெடிமேடு எடுத்திருக்கறாங்க.

மேடைக்குப் போனா. நூறு பேருக்கு மேல இருந்தாங்க. எனக்குப் பின் வரிசை. பரிமளா முன்னால உக்காந்திருந்தா. இவ மைக்கைப் புடிச்சுக்கிட்டு காலை முன்னால நீட்டிக் காட்டுனா. ஒரு அம்மா எந்திரிச்சு, ‘கண்ணு, அந்தச் சதை பின்னால வந்துருமா?’ன்னு கேட்டாங்க. ‘வராதுங்க்கா’ன்னா. ‘எனக்கு ஒண்ணரை இஞ்சு கம்மி. எங்கப்பா டெய்லர், சரியா அளந்திருக்கறாரு. நான் சைக்கிள் ஓட்டறேன், ஓடறேன். இடது கால்ல மட்டும் குதிக்கச் சொன்னா மூணு குதி குதிப்பேன், அப்பறம் வலிக்கும். ரொம்ப தூரம் நடந்தா அந்தக் கால் மொதல்ல அலுத்துப் போகும். அவ்வளவுதானுங்க.’ எல்லாரும் சிரிச்சாங்க. கை தட்டுனாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது.

அப்பத்தான் டாக்டர் மைக்கை வாங்குனாரு. ‘இந்தப் பொண்ணுக்கு ஒருக்கா பாதம் திரும்பிருச்சு. ரெண்டாவது ஆபரேசன் பண்ண வேண்டியதாப் போச்சு. ஏன்னா அவங்கம்மா ஷூவைச் சரியா மாட்டலை. அம்மா இங்கதான் இருக்காங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. அதனால தாய்மாருங்க எல்லாரும் ஷூ விசயத்துல கவனமா இருக்கோணும்’னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. பரிமளா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்குப் பழக்கந்தான்.

கனிஷ்கா மைக்கைத் திரும்ப வாங்குனா.

‘அம்மா இல்லைங்க சார். அப்பாங்க’ன்னா.

எனக்குக் காதுல விழுந்துது, ஆனா என்னன்னு புரியலை. ‘எனக்கு ஞாபகம் இருக்குது சார். அம்மா சரியாத்தான் மாட்டுவாங்க. மில் வண்டி போன சத்தம் கேட்டதும் அப்பா வந்து கழட்டி விட்டுருவாரு. காலைத் தேய்ச்சு விடுவாரு. காத்தால அம்மா வர்றதுக்கு முன்னால மறுபடி மாட்டிருவாரு. நான் அழுவேன்னு பாவம் பாத்துத்தான் செஞ்சாரு. உங்களுக்கும் பாவமா இருக்கும். இருந்தாலும் கழட்டாதீங்க.’

கழட்டுனேனுங்க. ஆமா. கம்பி போட்ட காலோட பொரள முடியாம அது ‘அப்பா, அப்பா’ன்னு கூப்பிடறப்ப உங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? வெலங்கு மாட்டுன மாதிரி கெடக்கும். தெனமும் இல்லை. ராத்திரி ஷிப்டு வாரம் மட்டும். சித்த நேரம் கழட்டி விட்டுட்டு மாட்டீரலாம்னுதான் நினைப்பேன். நானும் பகல் பூரா மெசின் மிதிச்ச ஆளு, கண்ணசந்துரும். மாசத்துல பாதி நாளுங்க. அதுல போயி பாதம் திரும்பீரும்னு எனக்கென்ன தெரியும்?

டாக்டர் மேடையிலிருந்து எறங்கி பரிமளா பக்கத்துல வந்து, ‘ஏம்மா, அன்னைக்கு நான் அத்தனை பேசுனனே, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லையா?’ன்னாரு.

‘எனக்கே இப்பத்தானுங்க சார் தெரியுது’ன்னா அவ.

அதைச் சொல்றப்ப அவ டாக்டரைத்தான் பாத்தா. என்னைத் திரும்பிப் பாக்கலை. நான் சண்டை போடுவாள்னு நினைச்சேன். அங்க இல்லாட்டி பஸ்ஸுல, பஸ்ஸுல இல்லாட்டி வீட்ல. என்ன பதில் சொல்றதுன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன். ஏறி உக்காந்ததும் அவ ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டா. வாய் தொறந்து, கைகாலெல்லாம் தளர்ந்து, அப்படி ஒரு தூக்கம். கனிஷ்கா தோள்ல அவ தலை வந்து விழுந்துது, அப்பவும் முழிக்கலை. இத்தனை வருசத்துல பரிமளா பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லைங்க. அன்னைக்குக் காத்தால நேரத்துலயே எந்திரிச்சது, அலுப்பு போலிருக்குது.

அடுத்த மாசம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில சேர்ந்துட்டா. எங்கிட்டக் கேக்கலை, சேர்ந்துட்டு வந்து சொன்னா. இப்ப அங்க சூப்பர்வைசர். சோறு ஆக்கறா, துணி தொவைக்கறா, எனக்கு மாத்திரை வாங்கியாந்து வெக்கறா. ‘சாப்பிடுங்க’, ‘தண்ணி வந்துருச்சு’, ‘கேஸ் புக் பண்ணுங்க’. பேச்சு அவ்வளவுதான். கோவமான்னு கேட்டா, ‘எனக்கென்ன கோவம்?’ங்கறா. கனிஷ்கா எப்பவும் போலத்தான் இருக்கறா. சிரிப்பா, பேசுவா. நான் அளவெடுக்கறதை மட்டும் நிறுத்திட்டேன். டேப்பை எடுத்தேன் ஒரு ஞாயித்துக்கெழமை. அவ புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பாத்தா. வெச்சுட்டேன்.

அலுப்பா இருக்குதுங்க தம்பி. பதினாலு வருசம். எண்ணெய், முட்டை, மாடிப்படி, ஸ்பாஞ்சு. எந்தத் தகப்பன் இத்தனை செய்வான், சொல்லுங்க? அந்த ஒண்ணைத்தான் நூறு பேரு முன்னால எடுத்துச் சொல்லோணுமா? வீட்ல எத்தனை நாளு நானும் அவளும் தனியா இருந்திருக்கோம். பக்கத்துல வந்து உக்காந்து, ‘ஏங்கப்பா, நீங்கதானே கழட்டுனீங்க?’ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?

என்னங்க? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னா கேக்கறீங்க?

நீங்க கேக்கறது செரிதான். யாரும் என்னை இதைக் கேட்டதில்லை.

‘இல்லை கண்ணு, உனக்குக் கனவு. உங்கம்மாதான் சரியா மாட்டலை’ன்னு சொல்லியிருப்பேனுங்க. இன்னைக்குக் கேட்டாலும் சட்டுன்னு அதுதான் வாயில வரும்.